குதிரைக்கு நான்கு வால்

மீன் வாடை போக
இருமுறை எலுமிச்சை தேய்த்த கைகளோடு
செவ்வாய்தோறும் ஆறரைக்கு
ஈசாஃபியோர்தூர் பள்ளியின் மூன்றாம் வகுப்பில்,
முழங்கால் இடிக்கும் நாற்காலிகளில்
உட்காருகிறோம்.

ஸ்டெய்னுன் ஒரே ஒரு தாள் கொண்டுவருவாள்.
எங்கள் கண்முன்னே கத்தரியால் நான்காக வெட்டுவாள்.
ஆளுக்கொரு துண்டு.
காட்டக் கூடாது, சொல்லலாம்.
அவ்வளவுதான் அவள் நடத்தும் பாடம்.
பிறகு ஜன்னலோரம் போய்
அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள்,
எங்களைத் திருத்திவிடாமல் இருக்க.

எல்பிளாங்கில் நான் படித்த பள்ளியில்
முழங்கையால் விடையை மறைத்து எழுதுவேன்.
வகுப்பில் முதலாவது எப்போதும் நான்தான்.
இங்கும் அதே முழங்கை, அதே மறைப்பு.
ஆனால் நான் வாய் திறக்காவிட்டால்
எதிரே மூன்று பேர்
முக்கால் கதையோடு பட்டினி.

முதல் வாரமே பொறுமை போய்
மூவர் தாளையும் பிடுங்கி
நானே கோத்து நானே வாசித்தேன்.
ஏழு நிமிடம்.
ஸ்டெய்னுன் மிட்டாயை மறு கன்னத்துக்கு ஒதுக்கி
தாள்களை வாங்கி
அவரவர் கையில் திரும்ப வைத்தாள்.
ஒரு சொல் சொல்லவில்லை.
என் காது சூடானது.

குதிரை என்றால் இந்த ஊரில் நான்கு சொல்.
இங்கே நிற்பது ஹெஸ்தூர்.
அதைப் பற்றிப் பேசினால் ஹெஸ்த்.
அதிலிருந்து என்றால் ஹெஸ்தி.
அதை நோக்கி என்றால் ஹெஸ்ட்ஸ்.
என் மொழியில் வேற்றுமை ஏழு, அதனால் நான் அஞ்சவில்லை.
வன்னிசாவின் தாய்மொழியில்
சொல் பிறந்தபடியே இருக்கும், வால் முளைக்காது.
"ஒரு குதிரைக்கு எதற்கு நான்கு வால்?" என்றாள்.

பங்கு போட்டுக்கொண்டோம்.
'இங்கே' ரொடேலியோவுக்கு,
'பற்றி' வன்னிசாவுக்கு,
'இருந்து' வித்மந்தாஸுக்கு,
'நோக்கி' எனக்கு.
ஆளுக்கொரு வேற்றுமை,
ஏற்கெனவே இருந்ததுதான்.

வன்னிசாவின் ஹெஸ்த்தில்
கடைசி எழுத்து தொண்டையிலேயே தங்கிவிடும்.
ரொடேலியோ மேசையில் நகத்தால் ஒரு தட்டு தட்டினான்.
அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு
ஏறி வந்தது எழுத்து.

அக்டோபரில் ஒரு செவ்வாய்
வித்மந்தாஸ் வரவில்லை.
மதிய ஷிப்டில் கத்தி வழுக்கியது, உள்ளங்கை.
வீட்டில் படிக்க என்று வாங்கிப்போன அவன் துண்டு
அவன் சட்டைப்பையில்.

எங்களிடம் குதிரை இருந்தது.
அதைப் பற்றிய பேச்சு இருந்தது.
அதை நோக்கி ஒரு பெண் பனியில் ஓடினாள்.
ஏன் ஓடினாள் என்பது தெரியவில்லை.
அந்த வாரம் எங்கள் கதையில்
யாரும் எங்கிருந்தும் வரவில்லை.

ஸ்டெய்னுனைப் பார்த்தோம்.
முழுத் தாளும் அவள் மனதில் இருக்கிறது,
எங்களுக்குத் தெரியும்.
அவள் என் கைப்பேசியைப் பார்த்தாள்.

ஒலிபெருக்கியில் போட்டோம்.
மருத்துவமனை வராந்தாவின் சக்கர நாற்காலிச் சத்தம்,
பிறகு அவன் குரல்,
தையலுக்குக் காத்திருக்கும் குரல்.
"தாளை எடுக்க முடியாது. கை இல்லை," என்றான்.
கை இருக்கிறது, சொல்தான் போதவில்லை.
நினைவிலிருந்து சொன்னான்:
சிறுவன். பாலம். குதிரையிலிருந்து விழுந்தான்.
ஹெஸ்தி.
"விழுந்தான்" என்பதைத் தப்பாகச் சொன்னான் போலும்,
பின்னணியில் ஒரு நர்ஸ் திருத்தினாள்.
நாங்கள் மூவரும் அவள் சொன்னதை எழுதிக்கொண்டோம்.
ஐந்தாவது துண்டு.

சிறுவன் பிழைத்தானா?
அது என் தாளில் இருந்தது, கடைசி வரியில்.
நான் அவசரப்படவில்லை.
மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக
கைப்பேசிக்குள் இறக்கினேன்.
அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது.

மறுநாள் காலை
பட்டையில் காட் மீன்கள் வரிசையாய் வருகின்றன.
காதடைப்பு, இரைச்சல், பனிக்கட்டி.
எதிர்ப்பக்கம் வன்னிசா
கத்தியின் பிடியால் எஃகு மேசையில்
ஒரே ஒரு தட்டு.
ரொடேலியோ சிரித்துவிட்டான். நானும்.

மேற்பார்வையாளர் என் காதடைப்பைத் தூக்கி
எதைப் பற்றிச் சிரிப்பு என்றார்.
குதிரையைப் பற்றி என்றேன்,
வன்னிசாவின் வேற்றுமையில்,
கடைசி எழுத்து விடாமல்.