முப்பத்து நான்காம் கேள்வி

ரிப்னிக் நகரில் ஜனவரி.
பாலில் கரித்தூள் விழுந்தாற்போல் வானம்.
மூன்றாம் மாடிவரை மூச்சு வாங்குகிறது.
கையில் படிவம், இரண்டு பேனா;
ஒன்று குளிரில் உறைந்துவிடும்.

ஹல்ஷ்கா கதவைத் திறக்கிறாள்.
இடுப்பில் டிமோன்.
உள்ளே இருந்தது ஒன்பது மாதம்,
வெளியே வந்தும் ஒன்பது மாதம்.
இரண்டு கையிலும் காலுறை மாட்டி
மணிக்கட்டில் ஒட்டுநாடா சுற்றியிருக்கிறது.
கையுறையைக் கழற்றிவிடுகிறானாம்.
முழங்கை மடிப்பில், காதுக்குப் பின்னால்
கரப்பான்.
தோலுரித்த தக்காளியின் ஈரம்.

"கர்ப்பகாலத்தில் வீட்டை எதைக்கொண்டு சூடாக்கினீர்கள்?"
நிலக்கரி. நல்ல கரிதான், ரசீது இருக்கிறது.
கீழ்வீட்டு போலெஸ்வாவ்
பழைய அலமாரியை வார்னிஷோடு எரித்தார்.
அது எந்தக் கட்டத்தில் வரும்?

ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.
ஓரத்தில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை.

"ஆன்டிபயாட்டிக்?"
ஆறாம் மாதம், ஏழு நாள், நீர்க்கடுப்பு.
"பாராசிட்டமால்?"
உள்ளே போய் ஒரு நாட்காட்டியோடு வருகிறாள்.
போன வருடத்தது இல்லை, அதற்கும் முந்தையது.
மாத்திரைக்கு ஒரு பென்சில் புள்ளி.
நவம்பரில் மட்டும் பதினொன்று.
நான் வருவதற்கு எத்தனையோ இரவுகள் முன்பே
எண்ணி முடித்திருக்கிறாள்.

"எது?" என்கிறாள்.
"புகையா, மாத்திரையா,
தொட்டில் அறைக்கு நானே அடித்த மஞ்சள் பெயின்ட்டா?"

கருத்துச் சொல்லாதே என்பது பயிற்சி.
ஆயிரத்துச் சொச்சம் தாய்மாரை வரிசையாக நிறுத்தினால்
புகைப்பக்கம் தராசு கொஞ்சம் சாயலாம்.
மாத்திரைப்பக்கமும் சாயலாம்;
சாய்த்தது மாத்திரையா
மாத்திரை கேட்ட காய்ச்சலா,
அதற்கே இன்னும் சண்டை.
ஒற்றைக் குழந்தையைத் தட்டில் வைத்தால்
முள் அசையாது.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"எல்லோரிடமும் கேட்பதுதான்" என்றேன்.
அதுவும் பதில் இல்லை.

முப்பத்து நான்காம் கேள்வி தகப்பனுக்கு.
"சிறுவயதில் உங்களுக்கு இப்படி இருந்ததா?"

ராடோமிர் சமையலறை வாசலில் நிற்கிறான்,
கையில் கழுவாத கோப்பை.
கொதிகலன் வெப்பத்திலும் முழுக்கைச் சட்டை.
கோப்பையை வைக்க இடம் தேடுகிறான்.
பிறகு பொத்தானைக் கழற்றி
மெல்லச் சுருட்டுகிறான்.
முழங்கை உட்புறம்
அடிப்பிடித்த பாலின் நிறத்தில் ஒரு திட்டு.

"வெல்டிங் பொறி பட்டது என்றாயே."

"பள்ளியில் சொறிநாய் என்பார்கள்.
போய்விட்டது.
போய்விட்டது என்றுதான் நினைத்தேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை.
நவம்பரைப் பார்க்கிறாள்.
டிமோன் காலுறைக் கையை நீட்டி
அப்பாவின் திட்டில் தேய்க்கிறான்,
வாகான இடம் கிடைத்துவிட்டதுபோல.

'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
அடுத்த கேள்வி பூனையைப் பற்றியது.
படித்தேன்.
இரண்டாம் முறையும் படித்தேன்.