இரண்டேகால் மணிப் பிழை

நாளைக் காலை தரக்குழு வருகிறது.
படிவத்தில் பத்தி நான்கு:
கல்விப் பின்னணி, ஏறு வரிசையில்.

டிப்ளமோ.
பிறகுதான் பி.இ.; நேரே இரண்டாம் ஆண்டில் நுழைந்தவளுக்கு
முதலாண்டுக் கணக்கு வராது என்று
மூன்று வருஷமும் சொன்னார்கள்.
எம்.இ. பகுதிநேரம்:
பாவூர்சத்திரம் பஸ்ஸில் நின்றபடி படித்தது,
நோட்டை மடித்து முன் சீட்டுக் கம்பியில் வைத்து.
முனைவர் பட்டத்துக்கு ஒன்பது வருஷம், மூன்று நெறியாளர்கள்.
ஒருவர் ஓய்வு பெற்றார்.
ஒருவர் மஸ்கட் போனார்.
மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார்.

இதற்கு அவர்கள் விட்டிருக்கும் இடம்
இரண்டு வரி.

பத்தி ஐந்து: ஆய்வுத் துறை, சுருக்கமாக.

மறுசீரமைக்கத்தக்க கணிப்பு வன்பொருள் என்று தட்டுகிறேன்.
செதுக்கி முடித்துவிட்ட கல் அல்ல இந்தச் சில்லு.
காலையில் பெருக்கல் எந்திரம்,
பதினொரு மணிக்கு இரைச்சல் வடிகட்டி,
மத்தியானம், நாம் என்ன சொல்கிறோமோ அது.
ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையை மட்டும்
கலைத்துக் கட்டலாம்,
மற்ற மூலைகள் திரும்பிக்கூடப் பார்க்காது.
கரண்ட் போனால் மட்டும்
தான் யாரென்பதையே மறந்துவிடும்.
ஆலங்குளம் லைனில் அது எத்தனை தரம் மறந்திருக்கும்,
எத்தனை தரம் நான் முதலிலிருந்து சொல்லியிருப்பேன்.

படிவத்தில் இடமில்லாதது இது:

அந்தச் சித்திரையில், தினமும் இரண்டேகால் மணிக்கு,
என் சில்லு தப்பாகக் கூட்டியது.
அடிக்கடி அல்ல. பத்தாயிரத்தில் ஒரு தரம்,
என்னையே நான் சந்தேகப்படப் போதுமான அளவு.
நிரலைப் பார்த்தேன், மின்னழுத்தம் பார்த்தேன்,
ஒவ்வொரு பற்றவைப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
மாதிரியோட்டத்தில் எல்லாமே பச்சை.
ஆய்வக உதவியாளர் ஆவுடைநாயகம் சொன்னார்:
"ரெண்டு மணிக்குப் பெறவு கேட்டா
எனக்கே எம்பேரு மறந்துரும் மேடம். வெயிலு அப்பிடி."
ஏ.சி. முதல்வர் அறையில் மட்டும்.
நான் சிரித்துவிட்டு
இன்னும் இரண்டு மாதம் நிரலையே திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆனி பிறந்து ஒன்பதாம் நாள்
ஜன்னல் தானாக அடித்துக்கொண்டது.
கணவாய் வழியாக வந்த காற்றில்
வெளியே காற்றாலைகள் ஒன்று, பிறகு நான்கு,
பிறகு எண்ண முடியாமல் சுற்றின.
மேஜையெல்லாம் பொடித் தூறல்.
மணி இரண்டேகால்.
பிழை இல்லை.
மறுநாளும் இல்லை.
யாரும் எதையும் சரிசெய்யவில்லை.

ஆவுடைநாயகத்தின் மகளிடமிருந்து
ஹேர் டிரையர் இரவல் வாங்கி
சில்லின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
எழுபத்தொன்பது டிகிரியில்
அது அழகாக, தவறாமல், தப்பாகக் கூட்டியது.
அழுதேனா சிரித்தேனா,
அவரைத்தான் கேட்க வேண்டும்.

சூட்டில் சமிக்ஞை தளர்கிறது.
கடிகாரத் துடிப்பு அதற்காகக் காத்திருப்பதில்லை.
பாடப்புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம்; நானே நடத்தியிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் ஆய்வேடு:
நிழல் நகர நகரக் கட்டிலை இழுத்துப் போடுகிற மாதிரி
வேலை மிகுந்த பகுதியைச் சில்லே தூக்கிக்கொண்டு
குளிர்ந்த மூலைக்குப் போகும்.
ஒரு கூட்டலும் தவறாது.

மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார்:
அறை வெப்பநிலை இருபத்தைந்து எனக் கொண்டால்
இந்தச் சிக்கலே எழாதே?
ஐயா,
எங்கள் அறை நாற்பத்தொன்று.

பத்தி ஒன்பது: ஆய்வுக்குக் கிடைத்த உதவி.
ஹேர் டிரையர் ஒன்று, தென்மேற்குக் காற்று
என்று தட்டிவிட்டு, அழித்துவிட்டு,
எதுவுமில்லை என்று போடலாமா என யோசிக்கையில்

கரண்ட் போய்விட்டது.

இருட்டில் மின்விசிறி நின்று முடிக்கிற சத்தம்.
வராண்டாவில் யாரோ ஜெனரேட்டர் சாவி தேடுகிறார்கள்.
விளக்கு வந்ததும்
வெள்ளையாகத் திறக்கிறது படிவம்,
ஒரு வரியும் சேமிக்காமல்.

பத்தி ஒன்று. பெயர்:
தா. லேயாள் பொற்கொடி.