மோர்ப் பந்தல்

பத்தாங் பெர்ஜுந்தை திருவிழாவுக்கு
பிளாஸ்டிக் கப் வேண்டாமென்று
நானூறு மண்குவளை வாங்கிவந்தான் தவநேசன்.
ஒன்று, ஒரு வெள்ளி பத்து காசு.
கழுவிக் கவிழ்ப்பது என் வேலை.

செம்பனைக் குலை வெட்டுகிற ஷஃபிகுல்
ஒரே மூச்சில் குடித்தான்,
உதட்டில் ஒட்டிய மண்ணை நக்கினான்,
பிறகு, சாவகாசமாக,
கல்லில் போட்டு உடைத்தான்.

பந்தலே வாயடைத்து நின்றது.
எங்களுக்கு மண் உடைவது
சுடுகாட்டில், மூன்றாம் சுற்றில்,
திரும்பிப் பார்க்காமல்.

அவன் ஊரில் அப்படித்தானாம்:
ஒருவர் வாய் வைத்ததை
இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை.
பாதி மலாய், பாதி கை ஜாடை.

தவநேசன் கணக்கில் ஒன்றைக் கழித்தான்.
நான் கழுவி வைத்த குவளையை
வெயிலில் தூக்கிப் பார்த்தேன்:
விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ,
இன்னும் போகவில்லை.