நான்காவது கை

ஏ-மூன்று தாள் ஒன்று, நடுவில் ஒரு மடிப்பு.
அவ்வளவுதான் எங்கள் பத்திரிகை.
டிப்போச் சந்திக் கடையில் முந்நூறு பிரதி அடித்து
ஏ-ஒன்பது வீதியில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம்.
அறிவியல் நகரில் இறங்கும்போது
மேல் தாளில் செம்மண் தூசி ஏறியிருக்கும்.

மாணவர் ஒன்றியத் தேர்தலுக்கு ஒன்பது நாள்.
"இந்த முறை ஒராளை ஆதரிச்சு எழுதுவம்" என்றான் கவிராஜ்.
"பெரிய பேப்பருகள் செய்யிறதுதானே."
கன்ரீனுக்குப் பின்னால், பாலை மரத்தடியில்
ஏழு பேர் இருந்தோம். தேநீர் ஆறு.

மயூரதனுக்கு மூன்று கை.
றொசாந்திக்கு மூன்று கை.
என் கை மடியில் கிடந்தது.

இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை:
கார்த்திகை மழையில் முறிகண்டியில் நின்ற என்னை
மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவன் மயூரதன்.
வழி முழுக்கத் தேர்தலைப் பற்றி
ஒரு சொல் பேசவில்லை.
றொசாந்தியோ
போன இதழில் வந்த என் கவிதையைத் தூக்கிக்கொண்டு வந்து
"அக்கா, அறத்துக்குப் பெரிய ற.
நீங்கள் போட்டது இரும்பு ராவுற அரம்" என்றாள்,
எல்லோருக்கும் முன்னால்.

அவள் அறிக்கையில்
பெண்கள் விடுதிக்குத் தண்ணீர்த் தாங்கி இருந்தது.
இரவு ஒன்பதரைக்குப் பிறகும் நூலகம் இருந்தது.
இரண்டும் எனக்கு வேண்டியவை.
கையைத் தூக்கினேன்,
மயூரதனுக்கு.

நாலுக்கு மூன்று என்று போடுவமா, கேட்டேன்.
"பலவீனமாத் தெரியும்" என்றான் கவிராஜ்.
தட்டச்சு என் வேலை.
கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்:
நாம் மயூரதனைத் தேர்ந்தெடுப்போம்.

நாங்கள் என்று அடித்திருக்கலாம்.
நாங்கள் என்றால் வாசிப்பவர் வெளியே நிற்பார்,
காலில் செருப்போடு, தன் முடிவோடு,
விரும்பினால் திரும்பிப் போகலாம்.
நாம் என்றால் உள்ளே இழுத்தாயிற்று.
இந்த மொழியில் அதற்கென்றே இரண்டு சொல் இருக்கிறது.
தெரிந்துதான் அடித்தேன்.

கட்டத்துக்கு இடம் போதவில்லை.
இருவருக்கும் இருநூறு சொல் என்பதுதான் பேச்சு.
அவளுடையதில் கடைசிப் பந்தி போயிற்று.
தண்ணீர்த் தாங்கி
அந்தப் பந்தியில் இருந்தது.

கன்ரீன் வரிசையில் இசுறு,
குருநாகல்காரன், பொறியியல் இரண்டாம் வருடம்,
கட்டத்தில் விரல் வைத்தான்.
"அக்கா, இதில என்ன எழுதி இருக்கு?"
தேர்தல் திகதி என்றேன்.
எப்ப என்றான். சொன்னேன். சரியான திகதிதான்.
உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டான்.

பதினொரு வாக்கில் மயூரதன் வென்றான்.
முந்நூறில் எத்தனை வாசிக்கப்பட்டது,
எத்தனை ரோல்ஸ் சுற்றக் கன்ரீனுக்குப் போனது,
கணக்கில்லை.
அந்தப் பதினொன்று எங்களுடையதா?
ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம்.
அவன் கெட்டவனுமில்லை.
இரண்டாம் மாதமே தண்ணீர்த் தாங்கி வந்தது,
கறுப்பு நிறம், ஆயிரம் லீற்றர்.
அதில் முகம் கழுவும்போதெல்லாம்
வெட்டிய பந்தி மட்டும் வரி வரியாக ஞாபகம் வரும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டேன்.
கவிராஜ் இரண்டு நாள் பேசவில்லை.
நான்காம் பக்கம், பஸ் நேர அட்டவணைக்குக் கீழே,
இருந்ததில் சின்ன எழுத்து:

சென்ற இதழில் 'நாம்' என்று வந்ததை
'எழுவரில் நால்வர்' எனத் திருத்தி வாசிக்கவும்.
நான்காவது கை என்னுடையது.
காரணம் தேர்தலோடு சம்பந்தப்பட்டதல்ல.

கடைக்காரரின் இயந்திரத்தில் மை முடிகிற நேரம்.
'நால்வர்' மங்கலாக விழுந்தது,
'மழை விடுமுறை' பளிச்சென்று.

றொசாந்தி நின்றபடியே வாசித்தாள்.
இரண்டு தரம் வாசித்தாள்.
"எழுத்துப் பிழை இல்லை" என்றாள்.
மடிப்பு இல்லாத இடத்தில் மடித்து
பைக்குள் வைத்துக்கொண்டு
விரிவுரைக்குப் போனாள்.