பொத்தான், பொத்தான்

நூற்றுப் பதினேழாவது புகார் அவளுடையது.
"நிறுவும் திரை பேசவில்லை."
ஒரே ஒரு வரி.
"என் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று
பதில் எழுதி மூடினேன்.
மறுநாள் திறந்து வைத்திருந்தாள்.
மூடினேன்.
திறந்தாள்.
நான்காம் முறை
ஆளே வந்துவிட்டாள்.

கே.எல். சென்ட்ரலில் ஏறிக் கெரிஞ்சியில் இறங்கி,
மஞ்சள் ஓடுகளின் மேல்
யாரோ நிறுத்திய மூன்று மோட்டார் சைக்கிளைச் சுற்றி,
கண்ணாடியாய் வழுக்கும் லிப்ட் பலகையில்
எந்த எண்ணும் விரலுக்கு அகப்படாமல்
ஒன்பதாம் மாடிப் பல் மருத்துவரிடம் போய் நின்று,
அங்கிருந்து ஒரு தாதி
பதினான்குக்குக் கொண்டுவந்து விட்டாளாம்.
சொட்டும் குடையை என் மேசையில் சாய்த்தாள்.
பெயர் யோகமலர்.
காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள்.

"உங்க திரைக்கு சுவிட்ச் எங்கே?"
"இதோ" என்று காட்டினேன்.
காட்டிய பிறகுதான்
என் விரல் அந்தரத்தில் நிற்பது உறைத்தது.
அவளே விளிம்பைத் தடவிப் பார்த்து
அணைத்தாள்.
"இப்ப நிறுவுங்க."

ஆறு வருடம் நான் எழுதிய திரை அது.
எந்தப் பெட்டி எங்கே என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
டேப் தட்டினேன்.
விசிறி ஓடும் சத்தம்.
மறுபடி டேப், மறுபடி விசிறி.
மொழியைத் தாண்டிவிட்டேனா,
நேர மண்டலத்தில் நிற்கிறேனா,
கோலாலம்பூரா, காபூலா?
என்டர்.

திரையை ஏற்றியபோது
வட்டு அழிந்துகொண்டிருந்தது,
முப்பத்தெட்டு விழுக்காடு.
உள்ளே ஹாஃபிஸின் இரண்டு வாரச் சோதனைகள்.
அவள் சிரிக்கவில்லை.
"எனக்கு ஆறு தடவை" என்றாள்.
"ஏழாவதுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.
கடவுச்சொல் கேக்குதுக்கா என்றான்.
அவன் காதில்தான் சொன்னேன்.
ஒரே வாரத்தில் மாடி முழுக்கத் தெரியும்."

வாசிக்கும் குரலை
முதல் திரைக்கு முன்பே எழுப்பிவிட
எழுபத்தொரு வரி பிடித்தது.
எழுபத்தொன்று.
மூன்று வருடமாக "அடுத்த பதிப்பில்" என்று
நாங்கள் தள்ளிவிட்டது அவ்வளவுதான்.

குரல் எழுந்ததும் எங்கள் மானம் போனது.
"பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."
பல்சக்கரம் வரைந்திருந்தோம், அம்பு வரைந்திருந்தோம்,
நிழலோடு, மினுக்கத்தோடு.
ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை.
சனிக்கிழமைகளில் சியூ லிங் மலாயிலும் சீனத்திலும்
நான் தமிழிலும் பெயர் வைத்தோம்.
குப்பைத்தொட்டிக்குக் "குப்பைத்தொட்டி" என்றே வைத்தேன்.
"அது தெரியுது.
காலியா, நிறைஞ்சிருக்கா?" என்றாள்.

அந்தக் குரல் தமிழைக்
காய்ச்சலில் புலம்புவதுபோல் பேசும்.
"மெதுவா இருக்கு" என்று அவள் முடுக்கிவிட்டால்
எனக்கு ஒரு சொல்கூட நிற்காது,
தகரக் கூரையில் மழை.
அவளோ இரண்டு பக்கம் தாண்டிப் போய்
ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள்.

நேற்று நூற்றுப் பதினேழை அவளே மூடினாள்.
அதே நிமிடத்தில் முந்நூற்று நாற்பத்திரண்டு:
"புகாரை மூடும் பொத்தானுக்குப் பெயர் இல்லை."

கட்டட நிர்வாகத்துக்கு
லிப்டைப் பற்றி எழுதியிருந்தேன்.
இன்று காலை பதில் வந்தது:
"சோதித்தோம். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது."
மூடிவிட்டார்கள்.

திறந்தேன்.