தனி வளை

நேற்று மத்தியானம் வண்டி சுற்றியது, பிடிக்கவில்லை.
மறுபடி சுற்றியது. ஒரு இருமல்.
டேஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு என்ஜின் படம்.
பின்னால் ஆயிரம் லிட்டர் தொட்டி, காலி.

ரியோ கிராண்டேக்கு மேற்கே இந்த மேட்டுச் சமவெளியில்
குழாய் கிடையாது.
நாற்பது மைல் போய், காசு போட்டு,
நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.
வீட்டில் மிச்சம் இரண்டு கேன்.

தம்பி லியாண்ட்ரோ கோட் படிக்கிற கருவியைக் கொடுத்தான்,
கூடவே அறிவுரையும்.
கருவியை மட்டும் வைத்துக்கொண்டேன்.
கேம்ஷாஃப்ட் சென்சார், சிக்னல் வரவில்லை என்றது.
ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை.
பதினான்கு வருடக் கல்யாணத்தில்
எனக்குப் பழகிப்போன கோளாறுதான்.

பானட்டைத் தூக்கினால் முதலில் மூத்திர வாடை.
எலித் தூசி நுரையீரலைத் தின்னும்,
இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
முகமூடி கட்டி, பிளீச் கலந்து தெளித்தேன்.
குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அரை கேன் போயிற்று.

மேனிஃபோல்டுக்குப் பத்து போல்ட்.
கடைசி ஒன்று, முழங்கைத் தோலை வாங்கிக்கொண்டுதான் வந்தது.
மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல் என்பார்கள்.
நான் கெல்லியதில் எலியும் இல்லை.

இருந்தது வீடு.
கள்ளிக் கணுக்கள், முள் வெளிப்பக்கம் பார்க்க
அடுக்கி வைத்த மதில்.
உள்ளே நீலத் தார்ப்பாய் நார், பிஸ்தா தோடு,
மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள்,
காய்ந்த நாய்ப் பீ, என் சட்டைப் பித்தான்,
போன வருடம் முழுக்க நான் தேடித் திட்டிய
பத்து எம்எம் சாக்கெட்.

சாக்கெட்டைத் துடைத்துப் பையில் போட்டேன்.
திட்டு வாங்கியவன் லியாண்ட்ரோ.
அவனிடம் இதைச் சொல்வதாய் இல்லை.

சுவரோரம் மூன்று ஒயர். சிவப்பு, பழுப்பு,
கறுப்புக் கோடு போட்ட இளஞ்சிவப்பு.
பென்சில் சீவியது போலக் கடித்திருக்கிறாய்.
பசி இல்லை, பல் வளர்கிறது உனக்கு,
நிறுத்தினால் அது உன் தாடையையே குத்தும்.
சரி. ஆனால் நான்கு அடியில் வேலிக்கம்பு இருக்கிறதே?

உறையைச் சீவி, செம்பு இழையை முறுக்கி,
ஈயம் உருக்கி ஓடவிட்டேன்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து
மூன்றையும் முடித்த பிறகு பார்க்கிறேன்,
மேலே ஏற்ற வேண்டிய சுருங்கு குழாய்த் துண்டுகள்
மூன்றும் ஃபெண்டர் மேல், வரிசையாக.
வெட்டினேன். மறுபடி முதலிலிருந்து.
யாரும் பார்க்கவில்லை என்பது
எவ்வளவு பெரிய வசதி.

மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் உண்டு,
எலி கிட்டே வராது என்று எடுத்துப் போட்டார்
பார்ட்ஸ் கடை ஃபிலிமோன்.
இந்த ஊர் எலியா, என்றேன்.
கொஞ்சம் யோசித்து, சிரித்து,
விலையில் இரண்டு டாலர் குறைத்தார்.

மீட்டர் முனைகளை வைத்தேன். பீப்.
பழுப்பு, பீப். மூன்றாவதும்.

எலி வளையானாலும் தனி வளை.
அதற்காகத்தானே நானும்
அந்த மூன்று படுக்கையறை வீட்டை விட்டு
இந்தத் தகர டிரெய்லருக்கு வந்தேன்.
உன் மதிலை மண்வெட்டியில் அள்ளும்போது
நினைவு வந்தது. அள்ளாமல் இருக்கவில்லை.

சாயங்காலம் வண்டி ஒரே சுற்றில் பிடித்தது.
மஞ்சள் படம் மட்டும் போகவில்லை.
தண்ணீரோடு திரும்பும் வழியில்,
பாலம் தாண்டி எங்கேயோ, அணைந்திருக்கிறது.
அணைந்த நேரத்தை நான் பார்க்கவில்லை.

இரவு பானட்டைத் திறந்தே வைத்து
உள்ளே சோலார் விளக்கைத் தொங்கவிட்டேன்.
வெளிச்சத்தில் கட்டமாட்டாய் என்கிறார்கள்.
படுக்கையிலிருந்து பார்த்தால்
பல் டாக்டர் முன் வாயைப் பிளந்தபடி
என் வண்டி.

காலையில் பேட்டரி மேல்
ஒரு கள்ளிக் கணு. ஒன்றே ஒன்று,
பச்சை, ஈரம்கூடக் காயவில்லை.

கையுறை எடுக்க உள்ளே போகிறேன்.