அவசரமில்லை

உறைக்குள் பதினொரு படங்கள்.
பத்தில் வெறும் புழுதி.

முனவ்வர் பாஷா மேல்விஷாரத்தில்
தோல் ஷெட்டுக்குக் கணக்கு எழுதியவர்.
ஞாயிறானால் கழுத்தில் ஒரு யாஷிகா.
வண்டி கடந்து போனபிறகுதான்
அவர் விரலுக்குச் சேதி போகும்.
அவர் மவுத்தாகி நாற்பதாம் நாள் கழிந்து
மருமகன் கொண்டுவந்து கொடுத்தான்.
உறைமேல் பென்சிலில் எழுதியிருந்தது:
தணிகாசலத்திடம் சேர்க்கவும். அவசரமில்லை.

எண்பத்து மூன்று, காணும் பொங்கல்.
பாலாற்றில் தண்ணீர் இல்லாததற்கு
அன்றைக்கு மட்டும் யாரும் வருத்தப்படவில்லை.
பாலத்தின் கைப்பிடி முழுக்கத் தலைகள்.
கீழே மணலில் பதினான்கு வண்டிகள்.
மட்கார்டு கழற்றிய எஸ்டி,
சைலன்சரை ரம்பத்தால் அறுத்த ராஜ்தூத்,
பால்காரர் ஒருவரின் புல்லட்
(கேன் மாட்டும் கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார்,
மூன்றாம் சுற்றில் அது இன்னொருவன் காலைக் கிழித்தது).
வழுக்கை டயரில்
செருப்புத் தைக்கும் கத்தியால் நாங்களே வெட்டிய பற்கள்.
டால்டா டப்பா மூடியில் எண்.
எனக்கு ஒன்பது.

மணலில் ஓட்டுவது ஓட்டுவதே அல்ல.
கெஞ்சுவது.
முன்சக்கரம் ஒரு பக்கம் போகும்,
நீ அதோடு சண்டை போடக்கூடாது,
ஆக்சிலரேட்டரை மட்டும் விடக்கூடாது.
கரைமேட்டிலிருந்து குதித்தால்
வண்டி முதலில் இறங்கும்,
வயிறு அப்புறம் வந்து சேரும்.
இதில் எதுவும் படத்தில் இல்லை.
ஆமணக்கெண்ணெய் கருகும் வாசனையும் இல்லை.

பதினோராவது படத்தில் மட்டும்
அவர் விரல் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது.

முடிவுக் கோடு.
நான். எனக்கு இடப்பக்கம் எபினேசர், எண் நான்கு.
அவன் முன்சக்கரம்
என் சக்கரத்தைவிட நாலு விரற்கடை முன்னால்.

அலமாரியில் கோப்பை இருக்கிறது.
வெள்ளி முலாம் போய் பித்தளை பல்லிளிக்கிறது.
உள்ளே நட்டு, போல்ட்டு, ஒரு செத்த பல்லி முட்டை.
நாற்பது வருஷமாய் வீட்டுக்கு வருகிறவர்களிடம்
நான் சொல்லிக்கொண்டிருந்த கதை
அதற்குள்தான் எங்கோ கிடந்தது.

மூன்று நாள் படத்தைத் தலைகீழாய் வைத்துப் பார்த்தேன்.
நான்காம் நாள் காட்பாடி பஸ் ஏறினேன்.

எபினேசருக்குச் சர்க்கரை, கண்ணில் புரை.
ஜன்னல் பக்கம் போய்
பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் நகர்த்தினான்,
ரேஷன் கார்டு சரிபார்க்கிற மாதிரி.
நான் சொல்ல வேண்டியதை
பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.
வாய் திறக்குமுன் கேட்டான்,
"கோடு எங்கடா கீது?"

குனிந்து பார்த்தேன்.
சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு,
எங்களுக்கு முந்திய ஓட்டத்தின் சக்கரங்கள்
அள்ளிக்கொண்டு போயிருந்தன.
மணல்தான் இருந்தது. எல்லாப் பக்கமும் மணல்.
கொடி பிடித்தவர் இருந்தார்,
கண்ணை மூடியிருந்தார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.
கண்ணாடி சக்கரங்களைத் தாண்டிப் போய்
ஓரத்தில் நின்றுவிட்டது.
பாதி வெட்டுப்பட்ட ஒரு ஆள்,
இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி,
கையில் என் வண்டிக்கான பெட்ரோல் டின்.
"யோவேலு," என்றான்.
"தோ பார்றா. எங்க யோவேலு."

அவன் தம்பி.
அடுத்த வருஷம் ராணிப்பேட்டை ரோட்டில்
லாரிக்கு அடியில் போனவன்.
அன்றைக்கு அண்ணன் பக்கம் நிற்காமல்
ஏன் என் பக்கம் நின்றான் என்று
எபினேசரும் கேட்கவில்லை,
எனக்கும் தெரியவில்லை.

"இத நானு வெச்சுக்கவா?"

திரும்பும்போது பாலத்தில் பஸ் நின்றது, நெரிசல்.
மடியில் பத்துப் படங்கள்.
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்,
"இன்னாது இது, மழை மேகமா?"

ஆமாம் என்றேன்.